கெணத்து மூச்சு

அந்தச் சத்தமா? பாம்பு இல்ல சார், உக்காருங்க. எங்க வீட்டுக்காரவிய கடலுக்குள்ள முங்குத சிலிண்டருதான், மூலையில நிக்கு பாருங்க, வாய்ப்பக்கம் லேசாக் காத்துக் கசியுது. மொதத் தடவ இருட்டுன பொறவு தோப்புக் கெணத்துக்குள்ளருந்து புஸ்ஸு, களகளன்னு கேட்டப்ப நானும் சாரைதான்னு நெனைச்சேன். பொறவு பாத்தா உள்ள முங்கி மூச்சு விட்டுப் பழகுதாவ.

இப்ப வந்துருவாவ. தூத்துக்குடிலருந்து டைவிங் கோச் நீங்க வாரீங்க, கவனிக்கணும்னு பால்கோவா வாங்க ஸ்ரீவில்லிபுத்தூர் போயிருக்காவ. ஏன், ராஜபாளையத்துல கெடைக்காதான்னு கேட்டேன். அந்த ஊர்ப் பால்கோவாவேதான் வேணுமாம்.

அதுக்குள்ள எனக்கு ஒண்ணச் சொல்லுங்க சார். அந்தமான்ல இம்புட்டு நாளா டூரிஸ்ட் கையப் பிடிச்சுக் கடலுக்குள்ள கூட்டிட்டுப் போனாவ, இப்ப இன்ஸ்ட்ரக்டர் ஆகணும்ங்காவ. சரி, ஆகட்டும். டைவிங் கார்டு குடுக்க ரெண்டு ஏஜென்சி இருக்காம்லா, ரெண்டு கார்டும் எங்க போனாலும் செல்லும்னா, பொறவு என்ன வித்தியாசம்?

ஓ. ஒண்ணுல சொல்லிக் குடுத்தவரே பாஸ் போடுவாரு. இன்னொண்ணுல முன்னப்பின்ன தெரியாத ஆளு வந்து பரீட்சை வைப்பாரு. அவரு ஃபெயிலும் போடுவாரா? அப்ப அந்தத் தெரியாத ஆளுகிட்டயே சேத்து விடுங்க சார். சிரிக்காதீங்க. அவிய மத்ததத்தான் சொல்லுதாவ, சீக்கிரம் முடிஞ்சிருமாம்.

சரி, தண்ணிக்குள்ள ஒரு ஸ்டூடன்ட்ட வெச்சு நடத்திக் காட்டணும்லா? அந்த ஸ்டூடன்ட்டுக்கு எத்தனை வயசு ஆயிருக்கணும்? பத்தா? ரெண்டு ஏஜென்சியிலயும் பத்துதானா?

சும்மாதான் கேட்டேன். காப்பி ஆறுது, குடிங்க.

கதவோரம் நிக்கது எங்க மக, ஜெபா. யூகேஜி. புது ஆளுன்னா கூச்சம். இவளுக்கு ஒரு பழக்கம் சார், பயந்தா அழமாட்டா, மூச்ச அடக்கிக்கிடுவா. ஊசி போட்டன்னைக்கு ஒதடு நீலமாப் போயிட்டு. மூஞ்சில தண்ணி தெளிச்ச பொறவுதான் கத்துனா. வளர வளர சரியாயிரும்னு டாக்டர் சொல்லிட்டாரு. ஆனா தண்ணிக்குள்ள மூச்ச அடக்கக் கூடாதாம்லா? அடக்கிட்டு மேல வந்தா நுரையீரல் கிழிஞ்சிருமாம், அதான் மொதப் பாடமாம். அவியதான் சொன்னாவ. எம்புட்டு அழகாச் சொல்லிக் குடுப்பாவ தெரியுமா. கெட்ட மனுசன் இல்ல சார். மகன்னா உசிரு.

அந்தக் கெணத்துச் சத்தமும் பழகிட்டு. அடுப்படியில நின்னு கேட்டுக்கிட்டே தோசை சுடுவேன். சத்தம் வந்தா ஆளு நல்லா இருக்காவன்னு அர்த்தம். ஞாயித்துக்கெழம ரெண்டு சத்தம் கேட்டுச்சு. ஒண்ணு பெருசு. ஒண்ணு சின்னது. ஜெபான்னு கூப்பிட்டேன், வீட்ல இல்ல. கெணத்தடிக்கு ஓடுதேன், நான் போறதுக்குள்ள சின்னது நின்னுட்டு. மேல நின்னு கத்துனா உள்ள கேக்குமா? செத்த நேரங்கழிச்சுத் தூக்கிட்டு வந்தாவ. ஒதடு நீலம். கையில வாங்கிக் குலுக்குன பொறவுதான் மூச்சு வந்துச்சு. என்னப் பாத்து, ‘பியூலா, புள்ள நல்லாத்தான் பண்ணுனா, ஸ்டூடன்ட் இல்லாம நான் எப்படிப் பழக’ங்காவ.

இன்னைக்கு இவளையே வெச்சு உங்க முன்னால செஞ்சு காட்டணுமாம். சிலிண்டருக்குப் பக்கத்துல ரோஸ் கலர்ல கண்ணாடி மாஸ்க் கெடக்கே, அது இவ மூஞ்சிக்கு அளவா வாங்குனதுதான்.

பைக் சத்தம் கேக்கு. ஜெபா, உள்ள வாம்மா. நான் சொன்னா பயந்தாங்கொள்ளிம்பாவ சார். பத்து வயசு ஆகணும்னு நீங்க சொல்லுங்க.

கேக்குதா சார்? ரூமுக்குள்ளருந்துதான் பேசுதேன். இவளயும் கூட்டிட்டு வந்து தாப்பாப் போட்டுட்டேன்.