முப்பத்தோராம் பக்கத்து வெள்ளை நத்தை

முதலில் ஒரு சின்னத் திருத்தம், மேடம். செய்தித்தாளில் 'கடல் அட்டையைப் படம் பிடிக்கப் போனவர் பலி' என்று போட்டிருக்கிறார்கள். கடல் அட்டை வேறு பிராணி, வெள்ளரிக்காய் மாதிரி மணலில் கிடக்கும். என் மச்சினன் தேடிப் போனது ஓடில்லாத கடல் நத்தை. விரல் நகத்தின் அளவுதான் இருக்கும். உங்கள் அறிக்கையிலாவது சரியாக எழுதுங்கள்.

உங்களுடன் வந்த காவலர் கொட்டாவி விடுகிறார். பரவாயில்லை. நத்தையைப் பற்றிப் பேசினால் பத்தில் எட்டுப் பேர் கொட்டாவி விடுவார்கள். மீதி இரண்டு பேர் முக்குளிப்பவர்கள். அவர்கள் இன்னும் மோசம்.

இருபது வருடமாக என் வேலை இதுதான். இந்தக் கரையோரம் முக்குளிப்பவர்கள் படம் எடுத்து அனுப்புவார்கள். அது எந்த நத்தை என்று நான் சொல்வேன். கொம்பின் நிறம், முதுகில் பூப்போல விரிந்த செவுள், உடம்பின் ஓரத்துக் கோடு, எந்தக் கடற்பஞ்சின் மேல் உட்கார்ந்திருந்தது, எல்லாம் பார்க்க வேண்டும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு சீட்டு எழுதி வைப்பேன். இடம், ஆழம், படம் எடுத்தவர், அடையாளம் கண்டவர். கடைசி வரியில் எப்போதும் நான். காது ஜவ்வு கிழிந்த பிறகு நான் தண்ணீரில் இறங்கியதில்லை. மங்கலாக ஒரு படத்தை அனுப்பிவிட்டு "சார், இது புதுசா?" என்று கேட்பார்கள். பாதிக்குப் பாதி அது பஞ்சுத் துண்டாக இருக்கும். பொறுமையாகப் பதில் எழுதுவேன். எனக்குக் கோபமே வராது. என் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். இப்போது கேட்க வேண்டாம்.

செத்தது அவளுடைய தம்பி. முக்குளிப்பவர்கள் அவனை உடும்பு என்றுதான் கூப்பிடுவார்கள். ஒன்றைப் பிடித்தால் விடமாட்டான். சிலிண்டரில் காற்று தீர்ந்துகொண்டிருக்கும், காற்று மானியின் முள் சிவப்பைத் தொட்டிருக்கும், இவன் இன்னும் ஒரே ஒரு படம் என்று பாறை இடுக்கில் தலையை விட்டிருப்பான். கூடப் போனவர்கள் இரண்டு தடவை இவனைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேலே வந்திருக்கிறார்கள். அதையும் பெருமையாகச் சொல்லிச் சிரிப்பான். எங்கள் வீட்டு மாடியில்தான் இருந்தான்.

இங்கே முக்குளிப்பவர்கள் சேர்ந்து அச்சிடும் எங்கள் நத்தைக் கையேட்டின் முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு நத்தை இருக்கிறது. வெள்ளை உடம்பு, கறுப்பு ஓரம். அது தனி இனம் என்று கண்டு சொன்னவன் நான். அந்த முக்குளிப்பில்தான் என் காது போனது. எதிர்ப் பக்கத்தில் அதே கறுப்பு ஓரத்தோடு ஒரு மஞ்சள் நத்தை. போன வருடம் இவன் மூன்று மாதம் ஒரே பாறைக்குப் போய், ஒரு வெள்ளைக் குட்டி கொஞ்சம் கொஞ்சமாக மஞ்சளாவதைப் படம் எடுத்தான். எடுத்தவன் மாடிப்படி இறங்கி வந்து என்னிடம் காட்டியிருக்கலாம். பதினான்கு படிகள். முக்குளிப்புக் கடையின் பின்னறையில் நடக்கும் மாதக் கூட்டத்தில், முப்பது பேர் முன்னால் சுவரில் போட்டுக் காட்டினான்.

"அத்தான் அப்பனையும் புள்ளையையும் ரெண்டு குடும்பமா பிரிச்சு வச்சுட்டாரு" என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். எங்களைக் கடலுக்குக் கூட்டிப்போகும் படகுக்காரர் வாழ்நாளில் ஒரு நத்தையைக்கூட உற்றுப் பார்த்ததில்லை, அவரும் சிரித்தார். என் மனைவி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நான் பார்க்கவில்லை என்று நினைத்தாள்.

வெள்ளையிலேயே இரண்டு உண்டு, நீ பார்த்தது மஞ்சளின் குட்டி, நான் பார்த்தது வேறு என்று விளக்கினேன். "தான் புடிச்ச முயலுக்கு மூணே கால்" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. மறுபடி சிரிப்பு. அடுத்த பதிப்பில் முப்பத்தோராம் பக்கத்தை எடுத்துவிடுவது, அது வெளிவந்த பிறகு அடையாளம் காணும் வேலையை அவனே பார்ப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தார்கள். திரும்பி வரும்போது காரை அவன் ஓட்டினான். "அவன் விளையாட்டுக்குச் சொன்னான், மனசுல வச்சுக்காதீங்க" என்றாள் என் மனைவி. நான் வைத்துக்கொள்ளவில்லை.

நான் செய்தது மிகச் சின்ன வேலை. எங்கேயோ வேறு கடலில் எடுத்த, நன்றாக வளர்ந்த வெள்ளை நத்தையின் படம் ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கு ஒரு பொய்ச் சீட்டு எழுதினேன். இடம்: வடக்குச் சுவர், அடிவாரம். கடலுக்கடியில் செங்குத்தாக இறங்கும் பாறையைச் சுவர் என்போம். ஆழம்: நாற்பத்து மூன்று மீட்டர். அந்த நத்தை தின்னும் பஞ்சு அவ்வளவு கீழே வளராது என்பது என் கணிப்பு. அதனால்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தேன். கிடைக்கிற பொருளைத் தேடுகிறவன் சீக்கிரம் மேலே வந்துவிடுவான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிடும்போது படத்தையும் சீட்டையும் அவன் பக்கம் நகர்த்தினேன்.

"இவ்ளோ ஆழத்துலயா, அத்தான்?"

"நம்பலைன்னா விடுப்பா. இனிமே உன் கையேடு, உன் இஷ்டம்."

"அதில்ல. இவ்ளோ பெருசா வளர்ந்தும் வெள்ளையாவே இருந்து, முட்டையும் போட்டுச்சுன்னா அது குட்டியே கிடையாது. நீங்க சொன்னதுதான் சரின்னு ஆயிடும். போய்ப் பாத்துடறேன்."

"யாரையும் கூட்டிட்டுப் போகாத. ஒருத்தன் காதுல விழுந்தா போதும், உனக்கு முன்னாடி அங்க போய் நிப்பான். சட்டுனு கண்ணுல படாது. அவசரப்படாம தேடு."

என் மனைவி இருவருக்கும் தண்ணீர் ஊற்றினாள். நாங்கள் மறுபடி பேசிக்கொள்வதில் அவளுக்கு அவ்வளவு சந்தோஷம்.

சாயங்காலம் அவன் கீழே வந்து, நான் இறங்காவிட்டாலும் இரவல் கொடுப்பதற்கென்று வைத்திருக்கும் என் சின்ன சிலிண்டரைக் கேட்டான். ஆழத்துக்குப் போகிறவர்கள் பக்கவாட்டில் கட்டிக்கொள்வது. பெரியது தீர்ந்துபோனால் மேலே வந்து சேர அது போதும். உடும்புக்குக்கூட உயிர்மேல் ஆசை இருந்தது எனக்கு ஆச்சரியம்தான். நிரப்பக் கொடுத்திருக்கிறேன், வர ஒரு வாரம் ஆகும் என்றேன். அது எங்கள் கட்டிலுக்கடியில் இருந்தது, நிரம்பியே இருந்தது. அதைத்தான் என் மனைவி உங்களிடம் தூக்கிக்கொண்டு வந்து கொடுத்திருக்கிறாள்.

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அவனுக்கு ஆழம் தெரியும். மீட்டர் கணக்கில் எழுதிக் கொடுத்திருந்தேன். மேலே ஒரு மணி நேரம் வரும் காற்று அங்கே பன்னிரண்டு நிமிடம் வரும். அங்கே போனவனுக்குக் குடித்தவன் போலத் தலை லேசாகி, நேரம் போவது தெரியாது. இதெல்லாம் அவனுக்கும் தெரியும். தெரிந்தும் தேடுவான் என்பது எனக்குத் தெரியும்.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்குப் படகுக்காரர் ஃபோன் செய்தார். "சார், அவரு இன்னும் மேல வரல. இறங்கி அம்பது நிமிஷம் ஆச்சு, எனக்குப் பயமா இருக்கு."

"அவன் உடும்புங்க. இன்னும் கொஞ்ச நேரம் பாருங்க" என்றேன். அன்றைக்கு ஆறு படங்கள் வந்திருந்தன. உட்கார்ந்து ஆறுக்கும் பதில் எழுதினேன். என் மனைவி பக்கத்து அறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

ஆக, அவனைக் கொன்றது நான்தான். சீட்டும் பொய், சிலிண்டர் விஷயத்தில் சொன்னதும் பொய். இதை நீங்கள் கேட்காமலே சொல்லியிருப்பேன். ஆனால் நேற்று அவன் உடம்போடு கிடைத்தவற்றை மேஜையில் வைத்தீர்களே, அப்போதுதான் என் முகத்தில் ஈயாடவில்லை. நான் பயந்துவிட்டேன் என்று குறித்துக்கொண்டீர்கள். அது பயமில்லை.

கேமராவில் நாற்பத்தொரு படங்கள். முதல் படம் இறங்கிய ஒன்பதாம் நிமிடத்தில் எடுத்தது. நீங்கள் அதை வெறும் வெள்ளைப் புள்ளி என்றீர்கள். கறுப்பு ஓரம், நன்றாக வளர்ந்த உடம்பு, பக்கத்தில் சுருள் நாடாவாக முட்டை. நான் பொய்யாக எழுதிய இடத்தில், பொய்யாக எழுதிய ஆழத்தில், அது உண்மையிலேயே உட்கார்ந்திருக்கிறது. அந்த ஒரு படத்தோடு அவன் மேலே வந்திருந்தால் பிழைத்திருப்பான். எனக்காக இன்னும் நாற்பது எடுத்திருக்கிறான். தண்ணீருக்கடியில் எழுதும் சின்னப் பலகையில் பென்சிலால் எழுதியும் வைத்திருக்கிறான். "பெருசு. முட்டை இருக்கு. அத்தான் சரி. கூட்டத்துல நானே சொல்லணும்." கடைசி வார்த்தை கோணலாகக் கீழே இறங்குகிறது.

தண்டனை பற்றி எனக்குக் கேள்வி எதுவும் இல்லை. இரண்டு விஷயம் மட்டும் செய்துகொடுங்கள். கையேடு அச்சுக்குப் போகுமுன் அந்த முதல் படம் முப்பத்தோராம் பக்கத்தில் வர வேண்டும். சீட்டை இப்படி எழுதிக்கொள்ளுங்கள். இடம்: வடக்குச் சுவர், அடிவாரம். ஆழம்: நாற்பத்து மூன்று மீட்டர். படம் எடுத்தவர்: என் மச்சினன். அடையாளம் கண்டவர்: நான்.

இன்னொன்று, அந்தப் பலகையை என் மனைவியிடம் காட்டுங்கள். அன்றைக்குச் சிரித்தவர்களில் அவளும் ஒருத்தி.