தாரிகாவின் இரத்தப் பரிசோதனை

பச்சையரிசி தின்றால் கலியாணத்தன்று மழை பெய்யும் என்பார்கள். என் தங்கை தாரிகா குசினிக்குள் வந்தாலே ஒரு பிடி அள்ளி வாயில் போடுவாள். எங்கள் ஊர் நாரந்தனைக்கு வெள்ளம்தான் என்று கேலி செய்வேன். இரத்தம் குறைந்தவர்களுக்கு அப்படியொரு ஆசை வரும் என்று பிறகுதான் அறிந்தேன், ஐயா.

அவளுக்கு மாதவிடாய் பத்து நாள் நீளும். மணிக்கொரு தரம் துணி மாற்றுவாள். கட்டி கட்டியாகப் போகும். "பொம்பிளையளுக்கு உள்ளதுதானே" என்று நான்தான் சொல்லிவந்தேன். அம்மா இல்லாத வீட்டில் நான் சொல்வதுதான் சட்டம்.

கனடாச் சம்பந்தம் ஒன்று பொருந்தியது. மாப்பிள்ளையின் தாய் சீதேவி மாமி இரத்தப் பரிசோதனை அறிக்கை கேட்டார். முன்பு ஒரு சம்பந்தம் "பெட்டை வெளிறிக் கிடக்குது" என்று முறிந்திருந்தது. இதுவும் முறியக்கூடாது, வைத்தியத்தைக் கலியாணம் முடியப் பார்க்கலாம் என்று நினைத்தேன்.

யாழ்ப்பாணத்தில் ஓர் ஆய்வுகூடத்துக்குக் கூட்டிப்போனேன். ஊசிக்குப் பயந்தாள். "நானும் குடுக்கிறன், வா" என்றேன். படிவங்கள் இரண்டையும் நானே நிரப்பினேன். அங்கே பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, இலக்கம்தான். என் இலக்கத் துண்டை அவளிடம் கொடுத்துவிட்டு அவளுடையதை நான் எடுத்துக்கொண்டேன். என் இரத்தம் அவள் பெயரில் போனது, அவளுடையது என் பெயரில்.

அறிக்கை பார்த்து மாமிக்குத் திருப்தி. தாரிகாவும் அதை நம்பிவிட்டாள். கிளினிக்குக்குப் போக இருந்தவள் போகவில்லை. "எனக்கு ஒண்டுமில்லை அக்கா, நான்தான் பஞ்சிப்பட்டுச் சோம்பிக் கிடந்திருக்கிறன்" என்று, மூச்சு வாங்க வாங்க முற்றம் கூட்டினாள். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கலியாணத்துக்கு மூன்று நாள் இருக்கக் கிணற்றடியில் விழுந்தாள். ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இதயம் நின்றுவிட்டது.

இரத்தம் அவ்வளவு குறைவென்று எனக்குத் தெரியாது என்று மரண விசாரணையில் முதலில் உங்களிடம் சொன்னேன், ஐயா. அது பொய். பரிசோதித்த மறுநாளே ஆய்வுகூடத்துப் பெண் தொலைபேசியில் அழைத்தாள்.

"நிலாந்தினி அக்காவோ? பன்னிரண்டு இருக்கவேண்டிய இரத்தம் உங்களுக்கு அஞ்சுக்கும் கீழ நிக்குது. இண்டைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கோ, விட்டா உயிருக்கு ஆபத்து."

கலியாணத்துக்கு அப்போது பத்தொன்பது நாள் இருந்தது. தாரிகா எனக்கு எதிரே இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தாள்.

"ஆரக்கா?" என்று கேட்டாள்.

"பிழையான நம்பர்" என்றேன்.