தூளியை ஆட்டிய ஆடு

மலைக்கு ரோடு வராத காலம். முள்ளுக்குறிச்சிச் சந்தையில் உப்பு வாங்க நின்றிருந்தேன். எனக்கு முன்னால் கொல்லிமலைப் பெண்கள் இருவர்.

"புள்ளயத் தூளியில போட்டுட்டு வந்துட்டியே, ஆரு ஆட்டறா?"

"ஆடு ஆட்டுதுங்கக்கா."

"ஆடா!"

"நாத்தனாள நம்புனேன், கூத்துப் பாக்கப் போயிட்டா. தங்கச்சிய நம்புனேன், அவ புள்ளைக்கு முன்னாலயே தூங்கிப்போயிட்டா. தூளிக் கயித்துல ஆட்டக் கட்டி உட்டேன். அது மேய மேயத் தூளி ஆடுது."

அவள் கைகாட்டிய சந்தையோரப் புளியமரத்தில் தூளி தொங்கியது. அதனடியில், ஆடு விலைக்கு வந்ததென்று நினைத்த வியாபாரி ஒருவர் கயிற்றை அவிழ்த்து, வயதறிய ஆட்டின் பல்லைப் பிடித்துப் பார்த்தார். தூளி நின்றது. குழந்தை வீறிட்டது. பதறிப்போய் அவரே கயிற்றை இழுத்து ஆட்டினார், அழுகை அடங்கியது. கையை எடுத்தார், மறுபடியும் வீறிட்டது.

"ஏனுங்க சாமி, நிறுத்திராதீங்க! உப்பு வாங்கிட்டு வாரேன். அப்படியே ஆட்டுக்குங் கொஞ்சம் தண்ணி காட்டுங்க!"