மூன்றாம் அறிவிப்பில் எழுந்து நின்ற சபை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, மேடையை நிறைத்திருக்கும் மூப்பர்களே, மட்டாஞ்சேரி வெயிலையும் என் பேச்சையும் ஒருசேரத் தாங்க வந்திருக்கும் தாய்மார்களே, வைட்டிலாவில் பேருந்து மாறி வந்த வெளிச்சபை அன்பர்களே!

இன்று காலை சுப்புராஜ் குருப்பட்டம் பெற்றார். அதனால்தான் நான்கு மாதங்களுக்குப் பிறகு நாம் ஒருவர் முகத்தை ஒருவர் கூச்சமில்லாமல் பார்க்கிறோம்.

தன்பால் ஈர்ப்புள்ளவர் குருவாகலாமா? கடல் கடந்த சபைகள் இதற்காகப் பிளந்துகொண்டிருந்தன. நமக்கென்ன என்றிருந்தோம். ஒருநாள் கமிட்டியில், குருப்பட்டத்துக்கு நாம் தேர்ந்திருந்த சுப்புராஜே எழுந்தார். "என்னால ஆண்களைத்தான் நேசிக்க முடியும் ஐயா. பின்னாடி தெரிஞ்சு வருத்தப்படறதுக்கு, இப்பவே வருத்தப்பட்டுருங்க" என்றார்.

வருந்தினோம்! வாதாடினோம்! வாரந்தோறும் வடை தின்று வருந்தினோம்! செயலாளனாகிய நான் இரு தரப்புக்கும் தலையாட்டினேன், கழுத்து வலித்தது. சிரிக்கிறீர்கள். உங்களில் பாதிப்பேர் கழுத்திலும் அன்று தைலம் மணந்தது.

நம் வழக்கம் இதுதான்: பட்டத்துக்கு முன் மூன்று ஞாயிறு அறிவிப்பு. தடையுள்ளவர் எழுந்து, பட்டம் பெறப்போகிறவர் முகத்தைப் பார்த்துக் காரணம் சொல்ல வேண்டும். ஒரே ஒருவர் சொன்னாலும் பட்டம் இல்லை.

மூன்றாம் ஞாயிறு. "தடை உண்டா?" என்றார் தலைவர். எதிர்த்தவர்களில் முதல் ஆளான பாண்டித்துரை அண்ணன் எழுவார் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பதற்றத்தில் ஆர்மோனியம் வாசிக்கும் அம்பிளி பாட்டைத் தொடங்கிவிட்டார். பாட்டென்றால் எழுவோம் அல்லவா? எழுந்தோம்! மூப்பர்கள் எழுந்தார்கள், தாய்மார்கள் எழுந்தார்கள், தன் பட்டத்துக்குத் தானே தடையாகச் சுப்புராஜும் எழுந்தார்!

"தடையில்லாதவங்க உக்காருங்க" என்றார் தலைவர். உட்கார்ந்தோம். நின்றவர் பாண்டித்துரை அண்ணன் ஒருவரே.

பெண்கள் பக்கத்திலிருந்து அவர் மனைவி ஒச்சம்மாள் குரல் கொடுத்தார்: "சொல்லுங்க! சாயாக்கடையில சொன்னதை இங்கயும் சொல்லுங்க. இடக்கொச்சியில முட்டளவு தண்ணியில உங்க அம்மா சவப்பெட்டியைத் தூக்கினது யாருன்னும் சேர்த்துச் சொல்லுங்க!"

அண்ணன் சுப்புராஜின் முகத்தைப் பார்த்தார். சுப்புராஜும் பார்த்தார், தலைகுனியாமல்.

"ஃபேன் ஓடல. அதச் சொல்லத்தான் நின்னேன்" என்று அண்ணன் உட்கார்ந்தார்.

முறைக்காதீர்கள் அண்ணா. ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்தக் காற்றில்தான் நாங்கள் மூச்சுவிட்டோம்.

உலகத்தின் வாதத்தை வென்றோமா? இல்லை. ஊரின் வாயை வென்றோமா? அதுவும் இல்லை. ஒரு மனிதரின் முகத்துக்கு நேரே சொல்ல முடியாததை அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லி வந்தோம் என்று கண்டுகொண்டோம். போதாதா? எனக்குப் போதும்!

நாளை கும்பளங்கியில், குருவானதால் இனி நமக்கு ஐயராகிவிட்ட சுப்புராஜ் ஐயர் தம் முதல் ஞானஸ்நானத்தைக் கொடுக்கிறார். குழந்தை, பாண்டித்துரை அண்ணனின் பேத்தி. அண்ணனே நேற்று வீடு தேடிப்போய் அழைத்திருக்கிறார்.

ஐயரே, எங்கள் வணக்கம். பொறுமையோடு கேட்டவர்களுக்கு நன்றி. நாளை படகுத்துறையில் சந்திப்போம்.