கோமளம்மாவின் லைன்

காபி நன்றாக இருக்கிறது சார். சர்க்கரைதான் கொஞ்சம் தூக்கல். பெங்களூரில் எங்கே குடித்தாலும் அப்படித்தான்.

கேட்டதற்கு வருகிறேன். ஈஜிபுராவில் ஒரு மாடியறைதான் எங்கள் ஆபீஸ். மூட்டுவலி டானிக் விற்றோம். கடையில் கிடைக்காது, போனில்தான். முதலாளி ப்ரஹ்லாத் சொல்லித் தந்தது ஒன்றே ஒன்று. "கவியரசா, கஸ்டமர்னு நெனச்சுப் பேசாத. உன் வீட்டு மனுஷங்கன்னு நெனச்சுப் பேசு." மற்றவர்கள் அதைக் கிளிப்பிள்ளை மாதிரி செய்தார்கள். எனக்கு நடிக்க வராது, நிஜமாகவே நினைத்தேன். ஆரணியில் என் அம்மா போன பிறகு, சாப்பிட்டாயா என்று கேட்க எனக்கும் ஆளில்லை.

மல்லேஸ்வரத்துக் கோமளம்மா அப்படித்தான் கிடைத்தார். கணவர் சர்க்கார் உத்தியோகம் பார்த்துக் காலமானவர். ஒரே மகன் ரங்கா அமெரிக்காவில். முழங்கால் எப்படி இருக்கிறது, பால் வந்ததா, ராத்திரி தூங்கினீர்களா என்று தினமும் விசாரிப்பேன். "நான் பெறாத பிள்ளைடா நீ" என்பார். டானிக்கும் வாங்கிக்கொண்டிருந்தார். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

ஒருநாள் குரல் இறங்கியிருந்தது. "ரங்கா திட்டறான்டா. டானிக்கைத் தூக்கிப் போட்டுட்டு நெஞ்சு மாத்திரையை ஒழுங்கா சாப்பிடுங்கறான்."

மாத்திரையும் டானிக்கும் ஒத்துப்போகாது, மாத்திரையைக் கொஞ்ச நாள் நிறுத்துங்கள் என்று முன்பே நான் சொல்லியிருந்தேன். அன்றும் அதையேதான் சொன்னேன். எனக்குப் பொறாமையாக இருந்தது சார். வாரத்துக்கு ஒரு தரம் பேசுகிறவன் மகன் என்றால், தினம் பேசுகிற நான் யார்?

அவன் ஞாயிற்றுக்கிழமை காலையில் கூப்பிடுவான். அவனுக்கு அது தூங்கப்போகிற நேரம். அடுத்த ஞாயிறு நான் முந்திக்கொண்டேன். அவன் லைன் கிடைக்காமல் அலுத்துப்போய்ப் படுக்கும்வரை பேச்சை விடவில்லை. அதற்கடுத்த ஞாயிறுகளும் அப்படியே. இந்த அம்மா போனில் வெளிநாட்டுக்குப் பேச வசதி கிடையாது. "என்னை மறந்தே போயிட்டான்டா" என்று அழுதார். அவருக்கு வேலை இருக்கும்மா, நான் இருக்கேன்ல என்று தேற்றினேன். அந்த அழுகையைக் கேட்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

கடைசி ஞாயிறு பேச்சின் நடுவே, "மாரை அடைக்கறதுடா. வெச்சுடறேன், பக்கத்தாத்து சீனிவாசராகவனைக் கூப்பிடணும்" என்றார். கேஸாக இருக்கும், வெந்நீர் குடியுங்கள், பேசிக்கொண்டிருந்தால் சரியாகிவிடும் என்றேன். அவர் வைத்துவிட்டார்.

அந்தப் பழைய எக்ஸ்சேஞ்சில் கூப்பிட்டவன் வைத்தால்தான் லைன் விடும். நான் வைக்கவில்லை. வைத்தால் ரங்காவின் மணி அடித்துவிடும். கோமளம்மா மறுபடி ரிசீவரை எடுத்தார். "இன்னும் நீதானா? விடுடா கண்ணா." கொஞ்சம் கழித்து இன்னொரு தரம் எடுத்தார், மூச்சு மட்டும் கேட்டது. நான் இருக்கேம்மா என்றேன்.

வியாபாரத்துக்காகச் செய்தேன் என்று வாக்குமூலத்தில் எழுதுகிறீர்கள். அது தப்பு சார். வெறும் கஸ்டமர் என்றால் அவர் வைத்ததுமே நானும் வைத்திருப்பேன். அம்மா என்று நினைத்ததால்தான் வைக்க மனம் வரவில்லை.