வாசலில் தொங்கிய கள்ளி

காலை ஏழரை மணிக்குத்தான் எங்கள் மாடியில் வெயில் இறங்கும். அதுவரை திருத்தணி மலை மறைத்துக்கொண்டிருக்கும். அந்த நேரத்துக்குக் கள்ளித் தொட்டியைக் கொஞ்சம் திருப்பி வைப்பேன். இல்லாவிட்டால் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளரும்.

நீங்கள் கேட்டதால் சொல்கிறேன் ஐயா. அது பாலைவனத்துச் செடி, உருண்டைக் கள்ளி. எனக்குக் கல்யாணமான வருஷம் வாங்கியது. அப்போது எலுமிச்சம்பழம் அளவு. இப்போது என் தலை நரைத்துவிட்டது, அது சோற்றுப்பானை அளவுக்கு வந்திருக்கிறது. அதை வளர்ப்பது என்றால் பெரும்பாலும் தண்ணீர் ஊற்றாமல் இருப்பதுதான். இது யாருக்கும் புரியவில்லை. என் மனைவி சந்திரா அரிசி கழுவிய தண்ணீரைக் கொண்டுவந்து ஊற்றுவாள்.

"வாயில்லாத ஜீவன், பாவமா இருக்குதுங்க."

ஒவ்வொரு முறையும் மண்ணை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் பொறுமையாக எடுத்துச் சொன்னேன்.

அவள் தம்பி குமரவேல் வந்தால் நேராக மாடிக்குத்தான் போவான். சிகரெட்டைத் தொட்டி மண்ணில் அணைப்பான்.

"இன்னா பாவா, உங்க புள்ள இந்த வருஷமாவது எழுந்து நடப்பானா?"

எங்களுக்குப் பிள்ளை இல்லை. நானும் சிரிப்பேன்.

போன மாசம் அதன் உச்சியில், முள்ளுக்கு அடியில் இருக்கும் பஞ்சு மாதிரியான ரோமத்துக்கு நடுவே, மொட்டு தெரிந்தது. முதல் மொட்டு. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் தண்ணீரோடு வருவார்கள்.

குமரவேல் ஆர்.கே.பேட்டையில் வீடு கட்டியிருந்தான். கிரகப்பிரவேசத்துக்கு முந்தின நாள் மாடிக்குப் போனேன். தொட்டியில் மண் மட்டும் இருந்தது.

"தம்பி கேட்டுச்சு, குடுத்தனுப்புனேன்," என்றாள் சந்திரா. "அதுக்கு ஏன் இப்படி நிக்கிறீங்க?"

பஸ் பிடித்துப் போனேன். புது வீட்டு வாசலில், திருஷ்டிக்காக, தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. வேரை வெட்டியிருந்தார்கள். உடம்பின் நடுவில் இரும்புக் கொக்கி. மஞ்சளும் குங்குமமும் அப்பியதில் மொட்டு நசுங்கியிருந்தது.

வீட்டில் வேறு யாரும் இல்லை. பூ வாங்கத் திருத்தணிக்குப் போயிருந்தார்கள். குமரவேல் தரைக்கடியில் தண்ணீர் தேக்கும் சம்ப்புக்குள் இறங்கி சிமெண்டுத் தூளைப் பெருக்கிக்கொண்டிருந்தான். என் காலைப் பார்த்தே என்னை அடையாளம் கண்டுகொண்டான்.

"பூசணிக்கா கட்டுனா நாலு நாள்ல அழுகிப்பூடுது பாவா. இது அழுவாது பாருங்க."

அவன் சொன்னது சரி. அது அழுகாது. அப்படியே தொங்கிக்கொண்டு, மெல்ல மெல்ல, வருஷக்கணக்கில் சாகும். அவனை நான் அப்படி விடவில்லை.

ஏணியை மேலே இழுத்தேன். சம்ப்பை நிரப்பும் போர் மோட்டாரைப் போட்டேன். இரும்பு மூடியைச் சாத்தி அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். கோபம் இல்லை ஐயா. அவர்கள் குடும்பத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான் அன்பு.

அவன் முதலில் சிரித்தான். தண்ணீர் ஏற ஏறச் சிரிப்பு நின்றது. மூடியில் தட்டினான். கடைசியாக, தெளிவாகவே கேட்டான்.

"பாவா, ஒரு செடிக்கா?"