தாய்மாமன் சொத்தும் நாற்பத்திரண்டு விடைத்தாளும்

ஹலோ... ஹலோ... ஆமா, பொன்னுலிங்கந்தான் பேசுகேன்... யாரு, வடிவா? ஏட்டி சண்முகவடிவு... ஐயோ, மன்னிக்கணும். இப்ப நீ தடயவியல் ஹெச்.ஓ.டி. அம்மால்லா, ஏட்டி போட்டுக் கூப்பிடப்பிடாது... பரவால்லியா? சரி மக்கா, சொல்லு. பிள்ள சொகமா? ... பல்லு மொளைச்சாச்சா? நீ பேறுகால லீவுல போனதும், உனக்குப் பதிலா நான் மூணு வாரம் வந்து கிளாஸ் எடுத்ததும் நேத்து மாதிரி இருக்கு.

... ஆமா ஆமா... என்னது, கமிட்டியா? என்ன கமிட்டி? ... பரீட்சையில காப்பியா? எத்தன பேரு? ... நாப்பத்திரண்டா? கிளாஸ்ல மொத்தமே நாப்பத்திமூணு பேருதானே.

... மக்கா, நான் முப்பத்தஞ்சு வருசம் சுவாலஜி வாத்தியாரா இருந்தவன். பரீட்சை ஹாலுல நான் நடந்தா ஃபேனு சுத்தாது, கேட்டியா. பிட்டு வச்சிருக்கவன் தானே எந்திரிச்சு வந்து கையில தந்துட்டுப் போவான். ஒருத்தன் பயத்துல தின்னே போட்டான். இருவது பக்கம்... சரி, கொஞ்சம் கூட்டிச் சொல்லுகேன். ஒரு பக்கம்... வாறேன், வாறேன். வெளியாளு ஒரு மெம்பர் வேணும்னா நான் ரெடி. ரெண்டு மணிக்கா? இன்னைக்கேவா? ... வாறேன். களவாணியப் புடிக்கப் படிக்க வந்த பிள்ளைக, அதுகளே களவாண்டா பின்ன எப்படி? ... காப்பின்னு முடிவாச்சுன்னா என்ன செய்வாங்க? ... ஒரு வருசம் போயிருமா? போட்டும். மொதல் கையெழுத்து நான் போடுகேன். பேனாவுல இப்பவே மையி நெறச்சு வைக்கேன்.

... ஆமா, எந்தக் கேள்வியில அடிச்சுதுக? ... ம்ம்... திற்பரப்பு அருவிக்குக் கீழ ஒரு பழைய எலும்பு கெடைக்குது... ம்ம்... ஆளு யாருன்னு தெரியல, உட்கருவுல உள்ள டி.என்.ஏ. கெட்டுப்போச்சு... நல்ல கேள்வி மக்கா. பின்ன மைட்டோகாண்ட்ரியாவுல உள்ள டி.என்.ஏ.வத்தான் பாக்கணும். ஒரே செல்லுக்குள்ள நூறு, ஆயிரம்னு கெடக்குமே, ஒண்ணு ரெண்டாவது தப்பிச்சிருக்கும்... அது யாருட்ட இருந்து வருதுன்னு எழுதணும், அவ்வளவுதானா? அம்மாவுட்ட இருந்து. இதுக்குப் போயா காப்பி? என்ன எழுதி வச்சிருக்குதுக? வாசி, கேப்போம்.

...

இன்னொருக்கா வாசி.

... "மைட்டோகாண்ட்ரியா என்பது தாய்மாமன் மருமகனுக்கு எழுதிவைக்கிற சொத்து. அப்பனுக்கு அதில் சல்லிக்காசு பங்கு கிடையாது"... நாப்பத்திரண்டு பேரும் இதத்தானா? ... அந்தச் சல்லிக்காசு கூடவா?

... இருக்கேன், இருக்கேன். கொஞ்சம் வெள்ளம் குடிச்சேன்.

... சரியா எழுதினது ஒருத்தி மட்டுந்தானா? யாரு? ... ஷீஜாவா, இனயத்துக்காரியா? அது பின்ன, அவ அன்னைக்கு வரலல்லா, ஊர்ல திருவிழான்னு...

... எந்த அன்னைக்கா? ... ஹலோ... கேக்கல மக்கா... ஹலோ... இங்க ஒரே காத்து, டவர் நிக்க மாட்டேங்குது... ஆமா, லேண்ட்லைனுதான். லேண்ட்லைனுக்கும் காத்து அடிக்கும்.

... இரு, இரு. ஒண்ணு கேக்கேன். பிள்ளைகளக் கூப்பிட்டு விசாரிச்சியா? ... ஒண்ணும் சொல்லலையா? யாரு சொல்லித் தந்தான்னு கேட்டதுக்கும்? ... கிளீட்டஸ் எந்திரிச்சானா? என்ன சொன்னான்? ... எல்லாருக்கும் ஒரே நேரத்துல தோணிச்சுன்னா? அட பாவி... வருசம் போயிரும்னு சொன்ன பொறவுமா? ... ஒருத்தர்கூட பேரச் சொல்லலையா?

... இல்ல, சிரிக்கல.

வடிவு, அது நான்தான்... காப்பி இல்ல மக்கா. எழுதினது அவங்க, சொன்னது நான். நீ செல் எப்படிப் பிரியும்னு மட்டும் எடுக்கச் சொல்லிட்டுப் போன. நான் சொன்ன எடத்துல நிக்கிற ஆளா? ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், சோறு தின்ன மயக்கத்துல பிள்ளைக எல்லாம் தூங்கி விழுந்துச்சு. எழுப்பணுமேன்னு மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ள சாடிட்டேன். நம்ம நாஞ்சில் நாட்டு மருமக்கத்தாயம் மாதிரின்னு தொடங்கினேன். அந்தக் காலத்துல சொத்து தாய்வழியிலதான் போகும், பெத்த மகனுக்குக் கெடையாது, மாமன் கையில இருந்து மருமகனுக்கு, கூடப்பொறந்தவ மகனுக்குன்னு... ஒரு பய தூங்கல, கேட்டியா. சிரிப்பும் கைதட்டும் பக்கத்து கிளாஸு வர கேட்டுது. எனக்குத் தலைகால் புரியல. தாய்னு சொல்ல வேண்டிய எடத்துல தாய்மாமனத் தூக்கி உக்கார வச்சிட்டேன். போர்டுலயும் எழுதிப் போட்டேன். சிவப்புச் சாக்பீஸுல. அடியில ரெண்டு கோடு.

... ஆமா, மாமனுக்கும் மருமகனுக்கும் ஒத்துப்போகும், அது உள்ளதுதான். மாமனுக்கு அம்மா, மருமகனுக்கு அம்மாச்சி, ஆளு ஒண்ணு. ஆனா மாமன் குடுக்க முடியாதே... எனக்குத் தெரியும் மக்கா. தெரியாம சொல்லியிருந்தா மரியாதையாவது மிஞ்சியிருக்கும். தெரிஞ்சவன் கைதட்டலுக்கு ஆசப்பட்டுச் சொன்னது.

... எழுதித் தாறேன். ரெண்டு மணிக்குக் கையோட கொண்டுவாறேன். பிரின்சிபால்ட்டயும் நானே சொல்லுகேன், நாப்பத்திரண்டு பேரு காப்பி அடிக்கல, ஒருத்தன் நாப்பத்திரண்டு பேரக் கெடுத்தான்னு... மெம்பராவா? அதுக்கு வேற ஆளப் பாரு. என்னய நானே விசாரிச்சா எரக்கப்பட்டு விட்டுருவேன்... மார்க்கா? அந்தக் கேள்விக்கு முட்டை போட்டுக்கோ. வருசத்துல மட்டும் கை வைக்காத... வைக்க மாட்டியா? கடுதாசி வந்தாப் போதுமா? ... சரி மக்கா. சரி.

... திங்கக்கிழமையா? திரும்பவும் நானா கிளாஸ் எடுக்கணும்? ... நானே கெட்டினத நானே அவுக்கணும். அதுவும் நியாயந்தான். நல்ல உவமை ஒண்ணு இப்பவே வருது, கேளு. மைட்டோகாண்ட்ரியாங்கியது தக்கலை பஸ்ஸு மாதிரி. மகள்ட்ட வந்தா அடுத்த ஊருக்கும் போகும், மகன்ட்ட வந்தா டிப்போவுல ஏறி நின்னுரும்...

... சரி... சரி சரி... ஆமா, பரீட்சையில டிப்போன்னுதான் எழுதுவாங்க... பஸ்ஸு கெடையாது, மாமன் கெடையாது... அம்மாவுட்ட இருந்து பிள்ளைகளுக்கு. அவ்வளவுதான். சத்தியமா.

... ஆனா மக்கா, இவ்வளவு சின்னதாச் சொன்னா, மிச்சம் அம்பத்தொம்பது நிமிசத்துக்கு நான் என்ன செய்ய? ... ஹலோ? ... வடிவு?